பழைய தோல் தையல் இடுக்கியைத் தினசரி வேலைக்குத் தயார் செய்வது எப்படி?

கேள்வி சுருக்கமாக இதுதான். சிங்கப்பூரின் தோ பாயோவில் வசிக்கும் ஒருவர் ஓய்வு நேரத்தில் பெல்ட்டும் கைப்பையும் தைக்கிறார். மாமனார் வீட்டிலிருந்து ஒரு பழைய மரக் கருவி அவர் கைக்கு வந்திருக்கிறது. வளைந்த இரண்டு பலகைகள், அடியில் நடுவே ஒரு கட்டை வைத்து போல்ட் போட்டு முடுக்கியது, மேல் நுனி வாய் மூடினாற்போல் சேர்ந்திருக்கிறது, உயரம் கிட்டத்தட்ட ஒரு மீட்டர். மாமனாரின் அப்பா புக்கிட் தீமா பந்தயத் திடலில் குதிரை லாயத்தில் வேலை பார்த்தவராம். வாயின் உட்புறம் ஒட்டிய தோல் காய்ந்து உரிகிறது. மரத்தில் சின்னத் துளைகள் இருக்கின்றன. தைக்க வைக்கும் தோல் நழுவுகிறது. நண்பர் மரத்தை நன்றாகத் தேய்த்து வார்னிஷ் அடிக்கச் சொல்கிறார். மனைவி, பழம்பொருளைத் தொடவே கூடாது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

நண்பர் சொன்னதைச் செய்யாதீர்கள். மனைவி சொல்வதில் பாதி சரி. வெளிப்புறத்தை அவர் சொன்னபடி அப்படியே விட்டுவிடுங்கள். ஆனால் வாயைத் தொட்டே ஆக வேண்டும். இந்தக் கருவியின் உயிர் வாயில்தான் இருக்கிறது. அது முழு நீளத்துக்கும் ஒழுங்காகச் சேர்ந்தால் மற்ற குறைகளோடு பல ஆண்டுகள் வேலை வாங்கலாம். சேராவிட்டால் எவ்வளவு பளபளப்பாக்கினாலும் அலமாரிப் பொருள்தான்.

உங்களிடம் இருப்பது சேணம் தைப்பவர்களின் இடுக்கி. ஆங்கிலத்தில் கிளாம் என்பார்கள். உட்கார்ந்து, தொடைகளுக்கு நடுவில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, வாயில் தோலைக் கவ்வக் கொடுத்தால் இரண்டு கைகளும் வேலைக்குக் கிடைத்துவிடும். ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டையும் எதிரெதிராக இழுத்து இறுக்கும் சேணத் தையலுக்கு இது பெரிய துணை. இங்கிலாந்தில் வால்சால் நகரம் 19ஆம் நூற்றாண்டில் இந்தத் தொழிலுக்குப் பெயர்போனது. அந்த ஊர்க் கால்பந்துக் குழுவுக்கு இன்றும் சேணக்காரர்கள் என்றுதான் பட்டப்பெயர். உங்களுடையது கப்பலில் வந்ததா, இங்கேயே ஒரு தச்சர் செய்ததா என்பதை மரத்தை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். ஓக், ஆஷ், பீச் என்றால் வெளியூர்ச் சரக்காக இருக்க வாய்ப்பு அதிகம். தேக்கு, செங்கால் என்றால் இந்தப் பக்கத்துக் கைவேலை.

வேலை தொடங்கும் முன் ஒன்று. புக்கிட் தீமா திடல் 1933 முதல் 1999 வரை நடந்தது, பிறகு பந்தயம் கிராஞ்சிக்குப் போய், 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிப் பந்தயத்தோடு சிங்கப்பூரில் அந்த அத்தியாயமே முடிந்துவிட்டது. லாயங்களில் உழைத்தவர்களின் பொருள்கள் இனிமேல் அபூர்வமாகத்தான் கிடைக்கும். மாமனாரிடம் உட்கார்ந்து பேசுங்கள். தாத்தாவின் படம், வேலை அட்டை, சம்பளச் சீட்டு ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். அப்படி ஆதாரம் சேர்ந்து கிடைத்தால், கருவியில் கை வைக்கும் முன் கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. ஒன்றும் இல்லையென்றாலும் எல்லாப் பக்கமும் படம் எடுத்து வையுங்கள். அடிக்கட்டை அருகே குத்திய எழுத்துகள் இருக்கலாம். தொழிலாளிகள் தங்கள் பெயரின் முதல் எழுத்தைக் கருவியில் பதித்து வைப்பது வழக்கம். அந்த இடத்தில் உப்புத்தாள் படவே கூடாது.

அடுத்து அந்தத் துளைகள். ஒன்று இரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் வட்டமாக இருந்தால், உள்ளே இருந்த வண்டு வெளியேறிய வழி அது. போய்விட்டதா, இன்னும் குடியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. கருவியைக் கறுப்புத் தாள்மேல் வைத்து, ஒவ்வொரு துளைப் பக்கமும் கட்டைவிரலால் தட்டுங்கள். முதல் தடவை பழைய தூள் கொட்டத்தான் செய்யும், அதைத் துடைத்துவிட்டுச் சில வாரம் அப்படியே விடுங்கள். மறுபடியும் மாவு மாதிரி வெளிறிய தூள் விழுந்தால் வண்டு உயிரோடு இருக்கிறது. வீட்டுக்குள் மற்ற மரச் சாமான் பக்கம் அதை வைக்காதீர்கள். அருங்காட்சியகங்கள் பிளாஸ்டிக்கில் காற்றுப் புகாமல் சுற்றி மைனஸ் 20 டிகிரியில் ஒன்றிரண்டு வாரம் உறைய வைத்துப் பூச்சியைக் கொல்லும். ஒரு மீட்டர் நீளக் கட்டை நம் வீட்டு ஃப்ரீசரில் நுழையாது. ஐஸ் பெட்டி வைத்திருக்கும் கடைக்காரர் யாராவது தெரிந்தவர் இருந்தால் கேட்டுப் பார்க்கலாம். வெளியே எடுத்த பிறகு அறை வெப்பத்துக்கு வரும்வரை உறையைப் பிரிக்காதீர்கள், இல்லாவிட்டால் மரமெங்கும் நீர் கோத்துவிடும். அது முடியாதென்றால், பூச்சு இல்லாத வெற்று மரத்தில் போரான் கரைசல் தடவலாம். பூச்சுள்ள மரத்தில் அது உள்ளே இறங்காது.

வண்டு தின்றது ஓரத்து வெளிறு, அதாவது பட்டையை ஒட்டிய மென்மையான மரம், மட்டும் என்றால் கவலையில்லை. கூரான கத்தி முனையால் அழுத்திப் பாருங்கள். வளைவின் நடுப்பகுதியில் முனை தடையில்லாமல் இறங்கினால் மட்டும் இந்தக் கருவியைச் சுவரில் மாட்டிவிட்டு வேறு வாங்குங்கள். அந்த வளைவுதான் வில்லாக நின்று அழுத்தம் கொடுக்கிறது. இழுவையில் முறிந்தால் உடைந்த துண்டு முகத்துக்கு நேராக எழும்பும். இழைக்குக் குறுக்கே விரிசல் இருந்தாலும் இதே முடிவுதான். இதில் தயவு தாட்சண்யம் வேண்டாம்.

சரி, வாய்க்கு வருவோம்.

முதலில் பழைய தோலை எடுக்க வேண்டும். காய்ந்து உரிகிறது என்கிறீர்கள், பாதி வேலை மிச்சம். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அதன்மேல் சற்று நேரம் போட்டு வையுங்கள். விலங்குத் தோல், எலும்பைக் காய்ச்சிச் செய்யும் பழைய வஜ்ஜிரப் பசை என்றால் இளகிக் குழைந்து வந்துவிடும். வராமல் ரப்பர் மாதிரி இழுபட்டால் பிற்காலத்தில் யாரோ கான்டாக்ட் பசை போட்டிருக்கிறார்கள், அதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். மொட்டையான உளியின் முதுகுப் பக்கத்தால் இழை போகும் திசையில் சுரண்டுங்கள். தோலைச் சின்ன ஆணிகளால் அடித்திருந்தால் ஒவ்வொன்றையும் நிமிர்த்தி எடுத்துவிடுங்கள், திரும்ப அடிக்க வேண்டாம். ஓக் மரத்திலும் மரப்பட்டையில் பதனிட்ட தோலிலும் உள்ள துவர்ப்புச் சத்து இரும்போடு ஈரத்தில் சேர்ந்தால் கறுப்புக் கறையாக மாறும். இப்போது உங்கள் கருவியில் ஆணியைச் சுற்றிக் கருவளையம் தெரிந்தால் அதற்குக் காரணம் இதுதான். புதிதாகத் தைக்கும் வெளிர் நிறப் பெல்ட்டில் அது இறங்கினால் பெல்ட் போச்சு. தவிரவும் தோலில் துளை போடும் குத்தூசி ஆணியில் இடித்தால் முனை மழுங்கும்.

தோல் போன பிறகு வாயை உற்றுப் பாருங்கள். மேல் விளிம்பில் வரிசையாகச் சின்னச் சின்னக் குத்துகள் தெரியும், குத்தூசி தவறி இறங்கிய இடங்கள். பெரும்பாலும் ஒரே பலகையில்தான் அதிகம் இருக்கும், ஊசி எந்தக் கையிலிருந்து வந்தது என்பதை அதிலிருந்தே சொல்லிவிடலாம். எனக்கு இந்தக் கருவிகளில் மிகவும் பிடித்த இடம் இதுதான். இன்னும் கீழே, தொடை உரசிய பகுதி வழவழவென்று லேசாகக் குழிந்திருக்கும். எந்த வார்னிஷும் தர முடியாத மெருகு அது. இவற்றைத் தேய்த்து எடுக்கச் சொல்பவர் பேச்சைக் கேட்கவே வேண்டாம்.

இப்போது வாயை மூடிய நிலையில் பின்னால் விளக்கு வைத்துப் பாருங்கள். வெளிச்சம் எங்கே ஊடுருவுகிறதோ அங்கே பிடிப்பு இல்லை. மெல்லிய தாளைத் துண்டு துண்டாக வெட்டி, வாயின் அகலம் முழுக்க இடைவெளி விட்டுக் கவ்வக் கொடுத்து ஒவ்வொன்றாக இழுத்தும் பார்க்கலாம். ஒரு ஓரம் இறுகி, மறு ஓரம் தாள் தானாக வந்துவிட்டால் பலகை முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நம் ஊர்க் காற்றில் இது சகஜம். ஆண்டு சராசரி ஈரப்பதம் இங்கே 80 சதவிகிதத்துக்கு மேல். அந்தக் காற்றில் கிடக்கும் மரம் தன் உலர் எடையில் ஏறக்குறைய 16 சதவிகிதம் நீரை வைத்துக்கொள்ளும். ஏர்கான் ஓடிக்கொண்டே இருக்கும் அறையில் அது 10, 11க்கு இறங்கும். மரம் நீளவாட்டில் அசையாது, அகலவாட்டில் விரியும், சுருங்கும். அதனால் எந்த அறையில் தைக்கப் போகிறீர்களோ அந்த அறையிலேயே கருவியை ஒன்றிரண்டு மாதம் வைத்துவிட்டு அப்புறம் வாயைச் சரிசெய்யுங்கள். நேற்று ஸ்டோர் ரூமிலிருந்து எடுத்ததை இன்று சீவினால், அடுத்த மாதம் மறுபடி இடைவெளி விழும்.

சரிசெய்ய இழைப்புளி வேண்டாம். ஒரு வாயை வைத்தே இன்னொரு வாயைப் பொருத்தலாம். 120 எண் உப்புத்தாளை வாய்க்கு நடுவில் வைத்து, கால்களால் லேசாக அழுத்திக்கொண்டு, மேல்நோக்கி நேராக இழுங்கள். தாளின் கரகரப்புப் பக்கம் ஒருமுறை இடது பலகையைப் பார்க்கட்டும், அடுத்த முறை வலதை. உயர்ந்த இடம் மட்டும் தேயும். சில இழுப்புக்கு ஒருமுறை வெளிச்சம் வைத்துப் பாருங்கள், அவசரப்படாதீர்கள். கடைசியில் ஒரு சின்ன நுணுக்கம்: வாய் முதலில் சேர வேண்டியது மேல் விளிம்பில். அதற்குக் கீழே இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி ஒரு தாள் கனத்துக்கு விலகியிருந்தால் நல்லது. தையல் கோடு விளிம்பை ஒட்டித்தான் ஓடுகிறது, பிடிப்பும் அங்கேதான் வேண்டும். கீழே இறுகி மேலே விலகிய வாயில் தோல் நழுவும், நீங்கள் சொல்லும் கோளாறு அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்.

புதுத் தோலுக்கு ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் கனத்தில் சாயம் ஏற்றாத மாட்டுத் தோல் போதும். சாயத் தோல் போட்டால் வியர்வையும் ஈரமும் பட்டு நிறம் வேலையில் இறங்கும். எண்ணெய் ஊட்டிய தோலும் வேண்டாம், கறை படியும். வழுவழுப்பான பக்கம் வெளியே வரட்டும். சொரசொரப்பான உள்பக்கம் நன்றாகப் பிடிக்கும் என்று சிலர் அதைத் திருப்பி ஒட்டுவார்கள், ஆனால் அதில் மெழுகுத் தூளும் அழுக்கும் சேர்ந்து, கடைசியில் உங்கள் பையின் முகப்பில் தடம் விழுகிறது. இரண்டு பலகைக்கும் ஒரே தோலின் பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளை வெட்டினால் கனம் ஒத்துப்போகும். கான்டாக்ட் பசையை இரு பக்கமும் மெல்லத் தடவி, விரலில் ஒட்டாத அளவு காய்ந்த பிறகு சேர்த்து அழுத்துங்கள். விளிம்புக்கு மேல் கொஞ்சம் நீட்டி ஒட்டி, மறுநாள் கூரான கத்தியால் மரத்தோடு சமமாக நறுக்குங்கள். பழைய முறைப்படி வஜ்ஜிரமே போட வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் உண்டு. குளிர் நாட்டில் சரி. நம் ஊர் ஈரத்தில் அது நாளடைவில் இளகும். வாய்த் தோல் தேய்ந்து மாற்றப்படுகிற உறுப்பு, அதில் பழமையைக் காப்பாற்ற ஒன்றுமில்லை.

இதற்குப் பிறகும் பிடிப்பு போதவில்லை என்றால் வில் தளர்ந்திருக்கிறது. வாயைக் கயிற்றால் கட்டுவது, நடுவில் ஜி கிளாம்ப் போடுவது எல்லாம் மரத்துக்குக் கேடு. அடிக்கட்டையைப் பாருங்கள். போல்ட்டைத் தளர்த்தி, போல்ட்டுக்குக் கீழே, கட்டைக்கும் பலகைக்கும் நடுவில் மெல்லிய தோல் பட்டை ஒன்றைச் செருகி மறுபடி முடுக்குங்கள். அடி விலகினால் நுனி தானாக உள்ளே சாயும், அழுத்தம் கூடும். ஒரு மில்லிமீட்டரே பெரிய வித்தியாசம் காட்டும். மூன்று மில்லிமீட்டர் பெல்ட் தோலைக் கவ்வக் கொடுத்து உதறினால் நழுவக் கூடாது. அதே சமயம் ஒரு கையால் வாயைத் திறக்க முடிய வேண்டும், மெல்லிய ஆட்டுத்தோலில் தடம் விழக் கூடாது. இந்த மூன்றும் சேரும் இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

போல்ட் துருப்பிடித்துச் சிக்கியிருந்தால் துரு இளக்கும் எண்ணெயை ஊசி முனையால் திருகில் மட்டும் விடுங்கள், மரத்தில் வழிந்தால் கறைதான். போல்ட்டுக்குப் பதில் ரிவெட் அடித்திருந்து, அது ஆடாமல் இருந்தால் பிடுங்காதீர்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகு போல்ட் போடுங்கள், ஜாலான் புசார் பக்கத்து ஹார்ட்வேர் கடைகளில் ஒன்றில் இல்லாவிட்டால் அடுத்ததில் கிடைக்கும். பழைய போல்ட்டைத் தூக்கிப் போடாமல் ஒரு உறையில் பெயரெழுதி வையுங்கள். போல்ட்டைச் சுற்றி இழை வாக்கில் விரிசல் இருந்தால் எபாக்சி விட்டுக் கட்டலாம். தினமும் அழுத்தம் தாங்கப் போகும் இடம், அங்கே எபாக்சியில் தப்பில்லை என்பது என் கருத்து.

வெளிப்புறம் சீக்கிரம் முடிந்துவிடும். பச்சை, சிவப்பு என்று பழைய பெயின்ட் இருந்தால் அதில் ஈயம் இருக்கலாம், உலர்ந்த நிலையில் தேய்க்கவே வேண்டாம், வீட்டில் குழந்தைகள் இருந்தால் இன்னும் கவனம். பெயின்ட் இல்லையென்றால் ஒயிட் ஸ்பிரிட் தொட்ட துணியால் மெழுகும் பிசுக்கும் போகத் துடையுங்கள், பிறகு சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணி. கறுத்த நிறம் அழுக்கல்ல, அது இருக்கட்டும். ஸ்டீல் வுல் பயன்படுத்தாதீர்கள். ஓக் மரத்தில் அதன் துகள் ஒன்று தங்கினாலும் இந்த ஈரத்தில் கறுப்புப் புள்ளியாகிவிடும்.

வார்னிஷ் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், அரைக்கால் சட்டையோடு உட்கார்ந்து தைக்கும் ஊர் இது. வியர்த்த தொடையில் வார்னிஷ் ஒட்டும், துணிமேல் வழுக்கும், இரண்டுமே தொல்லை. பச்சை ஆளி விதை எண்ணெயும் எனக்கு உடன்பாடில்லை, காய நாளாகும், பூஞ்சைக்கும் அது தீனி. டங் எண்ணெயில் பாதிக்குப் பாதி டர்பென்டைன் கலந்து, மெல்லத் தடவி, இருபது நிமிடத்தில் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். மின்விசிறிக் காற்றில் நன்றாகக் காய்ந்த பிறகு இன்னொரு பூச்சு, போதும். மெழுகு போட ஆசைப்பட்டால் தேன்மெழுகோடு கார்னோபா மெழுகு கலந்ததாக வாங்குங்கள், வெறும் தேன்மெழுகு நம் வெப்பத்தில் பிசுபிசுக்கும். வாயின் உட்புறத்தில் எண்ணெயோ மெழுகோ படக் கூடாது.

எண்ணெய் துடைத்த துணி விஷயத்தில் மட்டும் அலட்சியம் கூடாது. டங், ஆளி விதை மாதிரி காயும் எண்ணெய்கள் காயும்போது வெப்பம் விடும். சுருட்டிப் போட்ட துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே பற்றிக்கொள்ளும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் குப்பைக் குழாயில் அதைப் போடுவது அடுக்குமாடி முழுவதற்கும் ஆபத்து. நீரில் முழுவதும் மூழ்க ஊறவைத்து, அல்லது விரித்துப் போட்டு விறைக்கும்வரை காயவிட்டு, அதற்குப் பிறகுதான் அப்புறப்படுத்த வேண்டும்.

தைக்கும்போது வாய் உங்கள் நெஞ்சுக் குழி உயரத்துக்கு வர வேண்டும். உயரமாகத் தெரிந்தால் அடியை ரம்பத்தால் அறுத்துவிடலாம் என்று தோன்றும், அறுக்காதீர்கள். திண்டு போட்டு உட்காருமிடத்தை உயர்த்துங்கள். அடியில் ரப்பர் பாய் ஒன்று போட்டால் வழுக்காது, கீழ்வீட்டுக்காரருக்கும் சத்தம் போகாது. துளை போடும் சுத்தியல் வேலையை இந்த இடுக்கியில் வைத்துச் செய்யவே வேண்டாம்.

வேலை முடிந்ததும் வாயில் எதையும் கவ்வவிட்டபடி தூங்கப் போகாதீர்கள், வில் தளர்வது பெரும்பாலும் அப்படித்தான். வீட்டுக்குள் இருக்கும் பாதுகாப்பு அறையான பாம் ஷெல்டரிலும் வைக்க வேண்டாம். கதவை மூடினால் காற்றோட்டம் கிடையாது, டிசம்பர் ஜனவரி மழையில் வாய்த் தோல் பூத்துவிடும். கூடத்தில் சுவரோரம் காற்றுப் படுகிற மாதிரி நிற்கட்டும். அப்படியும் பூஞ்சை கண்டால் 70 சதவிகித ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, விசிறிக் காற்றில் காயவிட்டு, மறுநாள் தைக்க உட்காரலாம்.